நாற்பது ஆண்டுக்குக் கையெழுத்து: கல்பாக்கத்து எஃகும் பொருளறிவியலாளரின் தொழிலும்

கல்பாக்கத்தில் உள்ள 500 மெகாவாட் முன்மாதிரி அதிவேக ஈனுலையின் (எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் அணு உலை) முதன்மைக் கலன் ஏறத்தாழ 12.9 மீட்டர் விட்டம் கொண்டது. சுவரின் கனம் இடத்துக்குத் தக்கபடி 25 முதல் 40 மில்லிமீட்டர். அதற்குள் சுமார் 1,150 டன் திரவச் சோடியம் நிற்கும். சோடியம் நிரம்பி உலை ஓடத் தொடங்கிவிட்டால் இந்தக் கலனைக் கழற்றவும் வழியில்லை, மாற்றவும் வழியில்லை. வடிவமைப்பு ஆயுள் 40 ஆண்டு. கட்டுமானம் 2004இல் தொடங்கியது. உலையின் மையத்தில் தொகுதிகளை ஏற்றும் வேலை 2024 மார்ச்சில் ஆரம்பித்தது. எந்த எஃகு என்று முடிவுசெய்த தலைமுறையில் பலர் அதற்குள் ஓய்வுபெற்றுவிட்டார்கள். அவர்கள் தந்த உறுதிமொழி மட்டும் கலனோடு நிற்கிறது.

பொருளறிவியலாளர் என்றால் புதுப் பொருளைக் கண்டுபிடிப்பவர் என்று நினைப்பது வழக்கம். பொறியியலோடு பிணைந்த ஆய்வில் அவருடைய நாளில் பெரும்பகுதி வேறொன்றுக்குப் போகிறது. மூன்று அல்லது ஐந்து ஆண்டு அளவீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாற்பது ஆண்டுக்குப் பொறுப்பேற்க வேண்டும். அந்த நீட்டிப்பு எதுவரை செல்லும், எந்த இடத்தில் உடையும் என்று அறிவதுதான் இந்தத் தொழிலின் மையம். கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் கையாளப்படும் மூன்று எஃகுகளைத் தொடர்ந்து போனால் அது தெளிவாகும்.

உள்ளே வரும் வழி முதலில். கோவை பி.எஸ்.ஜி., திருச்சி என்.ஐ.டி., சேலம் அரசு பொறியியல் கல்லூரி, சென்னை ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் உலோகவியல் படித்தவர்களும், இயற்பியல், வேதியியல் முதுகலைப் பட்டதாரிகளும் அணுசக்தித் துறையின் ஓராண்டுப் பயிற்சிப் பள்ளி வழியாக வருகிறார்கள். முதலில் எழுத்துத் தேர்வு மதிப்பெண், பிறகு நீண்ட நேர்காணல். கல்பாக்கத்திலேயே 2006 முதல் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. முனைவர் பட்டம் பெரும்பாலும் வேலையில் இருந்தபடியே, ஹோமி பாபா தேசியக் கல்வி நிறுவனத்தின் கீழ்.

முதல் ஓரிரு ஆண்டு மாதிரித் துண்டுகளோடு கழியும். எஃகை வெட்டி, பிசினில் பதித்து, சிலிக்கான் கார்பைடு தாளில் 220இல் தொடங்கி 1,000, 1,200 வரை தேய்த்து, வைரப் பசையில் மெருகேற்ற வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் துண்டை 90 டிகிரி திருப்பி, முந்தைய கீறல் முழுதும் மறையும்வரை தேய்க்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் மேற்பரப்பில் ஒரு நசுங்கிய படலம் தங்கிவிடும். ஆஸ்டெனைட் என்பது இவ்வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் படிக அமைப்பு; அது நிலைத்தன்மை குறைந்ததாக இருந்தால், அந்த நசுக்கலே மார்ட்டென்சைட் என்ற வேறொரு கடினமான படிக அமைப்பை உண்டாக்கும். நுண்ணோக்கியில் தெரிவது எஃகின் இயல்பா, தேய்த்தவர் கையின் வேலையா என்று சொல்ல முடியாது. பின்னால் வரும் எல்லா முடிவும் இந்தத் துண்டின் மேல்தான் நிற்கிறது. ஆகவே இதை எடுபிடி வேலையாக நினைத்துத் தட்டிக்கழித்தவர்கள் நல்ல உலோகவியலாளர் ஆவதில்லை.

முதல் எஃகு 316எல்என் என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சாதாரண 316இல் கார்பன் 0.08 சதவீதம் வரை இருக்கலாம். அதை வெல்டிங் செய்யும்போது, பற்றவைத்த இடத்துக்கு இருபுறமும் ஒரு குறுகிய பட்டை 450 முதல் 850 டிகிரி செல்சியஸுக்குள் சில நேரம் இருக்கும். அந்த வெப்பத்தில் கார்பன் படிகத் துகள்களின் எல்லைக்கு ஓடி, குரோமியத்தைப் பிடித்துக் கார்பைடாகப் படிகிறது. எல்லையை ஒட்டிய பகுதியில் குரோமியம் 12 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால், துருவைத் தடுக்கும் மெல்லிய ஆக்சைடுப் படலம் அங்கே நிலைக்காது. உள்ளே வெல்டிங் விட்டுப்போன இழுவிசை, வெளியே உப்புக்காற்றின் குளோரைடு, நடுவே குரோமியம் வற்றிய எல்லை. மூன்றும் சேர்ந்தால் விரிசல் எல்லையைப் பிடித்துக்கொண்டே ஓடும். கல்பாக்கம் கடற்கரையில் இருப்பதால் உலை ஓட ஆரம்பிக்கும் முன்பே, கிடங்கில் கிடக்கும் காலத்திலேயே, இந்த ஆபத்து உண்டு.

தீர்வு கார்பனை 0.03 சதவீதத்துக்குள் அடக்குவது. ஆனால் கார்பன் குறைந்தால் உயர் வெப்பநிலையில் வலிமையும் குறையும். அந்த இழப்பை ஈடுகட்ட நைட்ரஜன் சேர்க்கிறார்கள். ஈனுலைக்கான விவரக்குறிப்பில் அது 0.06 முதல் 0.08 சதவீதம். நைட்ரஜன் கார்பனைப்போல எளிதில் எல்லைக்கு ஓடிப் படியாது; கரைந்தபடியே இருந்து படிகத்துக்குள் நழுவலைத் தடுக்கும்.

ஆலையிலிருந்து எஃகுத் தட்டு அப்படித்தான் வந்ததா என்று பார்க்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. 10 சதவீத ஆக்சாலிக் அமிலத்தில், சதுர சென்டிமீட்டருக்கு 1 ஆம்பியர் மின்னோட்டத்தில், ஒன்றரை நிமிடம் அரித்து நுண்ணோக்கியில் பார்ப்பது. எல்லைகள் படிக்கட்டுபோலத் தெரிந்தால் தட்டு தேறியது. ஏதாவது ஒரு துகளையாவது பள்ளம் முழுதாகச் சூழ்ந்திருந்தால் சந்தேகம். அடுத்து செம்புத் துண்டுகளோடு செம்பு சல்பேட், கந்தக அமிலக் கரைசலில் 15 மணி நேரம் கொதிக்கவைத்து, வளைத்து, விரிசல் தேட வேண்டும். முதல் சோதனை ஏற்பதற்கு மட்டும் உரியது, நிராகரிப்பதற்கு உரியதல்ல. இது புரியாமல் நல்ல தட்டைத் திருப்பி அனுப்புவது தொழிற்சாலைகளில் நடக்கிற தவறு.

இங்கே ஆய்வாளர் எழுதும் விதிகள் பட்டறைவரை நீளும். சாதாரண இரும்பைத் தேய்த்த கிரைண்டிங் சக்கரம் ஸ்டெயின்லெஸ் மேல் படக்கூடாது. பதிந்த இரும்புத்தூள் துருப்பிடித்து அங்கிருந்து அரிப்பு தொடங்கும். கம்பித் தூரிகையும் ஸ்டெயின்லெஸ் கம்பியாக இருக்க வேண்டும். குறியிடும் மை, ஒட்டும் டேப், வெப்பக் காப்பு, நீரழுத்தச் சோதனைத் தண்ணீர் எல்லாவற்றிலும் குளோரைடுக்கு வரம்பு உண்டு. மிகக் கவனமாக உருக்கிய எஃகை இருபது ரூபாய் மார்க்கர் கெடுத்துவிடும் என்பதைப் பட்டறை ஊழியருக்குப் புரியும்படி சொல்லத் தெரிவதும் இந்தப் பணியின் பகுதி.

அடுத்தது காலம் பற்றிய கேள்வி. அறை வெப்பநிலையில் எஃகு ஒரு சுமையைத் தாங்கினால் எப்போதும் தாங்கும் என்று கணக்கிடலாம். 500 டிகிரிக்கு மேல் அப்படி இல்லை. சுமை மாறாமல் இருக்கும்போதே எஃகு மெல்ல நீண்டுகொண்டே போய் ஒருநாள் அறுந்துவிடும். இதுதான் க்ரீப். ஈனுலையில் சோடியம் 397 டிகிரியில் நுழைந்து 547 டிகிரியில் வெளியேறுகிறது. முதன்மைக் கலனின் சுவரை ஒட்டிக் குளிர்ந்த சோடியத்தை ஓடவிட்டு, க்ரீப் பொருட்படுத்தத் தேவையில்லாத வெப்பநிலையில் வைத்திருக்கிறார்கள். சூடான சோடியத்தில் முழுகியிருக்கும் இடைநிலை வெப்பப் பரிமாற்றிக்கும் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் அந்தச் சலுகை கிடையாது.

க்ரீப் சோதனை பார்க்க எளிமையானது. வழக்கமாக 10 மில்லிமீட்டர் விட்டம், 50 மில்லிமீட்டர் அளவு நீளம் உள்ள துண்டை மின்சூளைக்குள் தொங்கவிட்டு, நெம்புகோல் வழியாக எடை ஏற்றி, நீட்சியைப் பதிவுசெய்வது. மேல், நடு, கீழ் என மூன்று தெர்மோகப்பிள்கள், அதாவது வெப்பநிலையை அளக்கும் கம்பி இணைகள். வெப்பநிலை 2 டிகிரிக்கு மேல் அலையக்கூடாது. கெடுவதெல்லாம் சின்ன விஷயங்களில்தான். தொங்கும் கம்பி நேர்கோட்டில் இல்லையென்றால் துண்டு வளைந்து சீக்கிரம் அறும். தெர்மோகப்பிள் ஆண்டுக்கணக்கில் சூட்டில் கிடந்து தன் அளவீட்டில் நகர்ந்துவிடும். சூளை சரியாக இருப்பதாகவே திரை காட்டும். இதன் விலையை ஒரு கணக்கால் காட்டலாம். 600 டிகிரியில் 10,000 மணி நேரம் தாங்க வேண்டிய துண்டு, தெரியாமல் 605 டிகிரியில் இருந்தால் சுமார் 7,300 மணி நேரத்தில் அறுந்துவிடும். ஐந்து டிகிரிக்கு ஆயுளில் கால்பங்குக்கு மேல் போயிற்று.

இந்தக் கணக்கு லார்சன்-மில்லர் அளவுரு என்பதிலிருந்து வருகிறது: கெல்வின் வெப்பநிலையை, 20உடன் மணி நேரத்தின் மடக்கையைக் கூட்டிய தொகையால் பெருக்குவது. ஒரே சுமைக்கு இந்தப் பெருக்குத்தொகை மாறாது என்று வைத்துக்கொண்டால், வெப்பத்தைக் கூட்டிக் காலத்தைக் குறைக்கலாம். 600 டிகிரியில் 1,00,000 மணி நேரம், அதாவது 11.4 ஆண்டு எடுக்கும் சோதனையை 650 டிகிரியில் சுமார் 4,400 மணி நேரத்தில், ஆறே மாதத்தில் முடிக்கலாம். ஆராய்ச்சி மாணவருக்கு இது பெரிய வரம். பெரிய பொறியும் இதுவே.

காரணம், இரண்டு வெப்பநிலையிலும் எஃகுக்குள் ஒரே மாற்றம்தான் நடக்கிறது என்று கணக்கு நம்புகிறது. 9 முதல் 12 சதவீதம் குரோமியம் உள்ள எஃகுகளில் அந்த நம்பிக்கை பொய்த்தது. அவற்றின் வலிமை, வனேடியமும் நியோபியமும் நைட்ரஜனோடு சேர்ந்த மிக நுண்ணிய படிவுகளில் இருக்கிறது. பல்லாயிரம் மணி நேரத்துக்குப் பிறகு அந்த நுண்படிவுகளைத் தின்று இசட்-கட்டம் என்ற பெரிய படிவு வளர்கிறது. வலிமை திடீரெனச் சரிகிறது. குறுகிய சோதனைகளில் அதன் சுவடே தெரியாது. 12 சதவீதக் குரோமியம் கொண்ட சில கொதிகலன் எஃகுகளுக்கு அனுமதித்த சுமையைப் பின்னாளில் குறைக்க நேர்ந்தது. கோட்டை நீட்டுவதற்கு முன், நீண்டநாள் கிடந்த துண்டை வெட்டி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

ஆகவே உண்மையான காலத்துக்கு மாற்று கிடையாது. ஜப்பானின் தேசியப் பொருளறிவியல் நிறுவனம் 1966இல் தொடங்கிய க்ரீப் தரவுத் திட்டம் இன்றும் உலகத்துக்கே அடிப்படை. அங்கே 1969இல் சுமையேற்றிய ஒரு கார்பன் எஃகுத் துண்டின் சோதனை 40 ஆண்டைத் தாண்டி ஓடியது. ஏற்றியவர் வேறு, பதிவெடுத்தவர்கள் வேறு, படித்தவர் வேறு. மூன்று ஆண்டுக்குள் கட்டுரை கேட்கும் ஆய்வு நிதி முறையில் இப்படிப்பட்ட வேலைக்குப் பாராட்டு குறைவு. அதைத் தொடரும் நிறுவனங்கள் செய்வது பெரிய பொதுத்தொண்டு என்பதே நம் கருத்து.

இரண்டாவது எஃகில் இன்னொரு எதிரி. உலையின் மையத்தில் எரிபொருளைச் சூழும் உறை 6.6 மில்லிமீட்டர் விட்டமும் 0.45 மில்லிமீட்டர் கனமும் உள்ள மெல்லிய குழாய். ஓர் எரிபொருள் தொகுதியில் 217 குழாய்கள். வேக நியூட்ரான்கள் இந்தக் குழாயின் ஒவ்வொரு அணுவையும் அதன் ஆயுளில் சராசரியாக 85 முறை இடத்தைவிட்டுத் தட்டிவிடும். பெரும்பாலானவை மறுபடி அமர்ந்துகொள்ளும். மிஞ்சும் காலியிடங்கள் ஒன்றுகூடி நுண்குழிகளாகின்றன. நிக்கலிலிருந்து பிறக்கும் ஹீலியம் அந்தக் குழிகளை நிலைக்கவைக்கிறது. எஃகின் கனஅளவு ஊதுகிறது. பிரிட்டனின் டூன்ரே உலையில் கண்ட இந்த விளைவு 1967இல் வெளியானபோது, உலக ஈனுலைத் திட்டங்கள் எல்லாம் எஃகை மறுபடி யோசிக்க வேண்டியதாயிற்று. தொகுதிகளைச் சூழும் உறைப்பெட்டிகள் ஊதி, வளைந்து ஒன்றையொன்று நெருக்கினால் எரிபொருளை வெளியே எடுப்பதே சிக்கலாகும்.

கல்பாக்கத்தின் விடை டி9: 15 சதவீதம் குரோமியம், 15 சதவீதம் நிக்கல், அளந்து சேர்த்த டைட்டானியம், மேலும் 20 சதவீதக் குளிர்நிலை உருமாற்றம், அதாவது சூடாக்காமலே இழுத்து உருமாற்றுவது. டைட்டானியம் கார்பைடு நுண்படிவுகளும், உருமாற்றத்தால் படிகத்துக்குள் உண்டான பிசகுக் கோடுகளும் காலியிடங்களையும் ஹீலியத்தையும் சிதறலாகப் பிடித்துவைக்கின்றன. டைட்டானியம் குறைந்தால் படிவு போதாது. கூடினால் உருகும்போதே பெரிய கட்டியாகப் பிரிந்து பயனற்றுப் போகும்.

ஓர் அணுவுக்கு 85 இடப்பெயர்வு என்ற அளவை உலையில் எட்ட ஆண்டுகள் ஆகும். ஆகவே 1.7 மெகாவோல்ட் முடுக்கியிலிருந்து அயனிக் கற்றையைப் பாய்ச்சுகிறார்கள்; ஆயிரம் மடங்கு வேகம், ஒரு நாள் போதும். ஆனால் சேதம் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ ஒரு மைக்ரான் ஆழத்துக்குள் அடங்கிவிடும். வேகம் கூடியதால் ஊதல் உச்சம் காணும் வெப்பநிலையும் நூறு டிகிரி அளவுக்கு மேலே நகரும். ஹீலியத்தைத் தனியாக முன்கூட்டியே செலுத்த வேண்டும். அயனிச் சோதனை கலவைகளை வரிசைப்படுத்த உதவும். ஆயுளைச் சொல்ல உதவாது. ஆயுளைச் சொன்னது பக்கத்திலேயே 1985 அக்டோபர் 18 முதல் இயங்கும் வேகச் சோதனை உலை. டி9 உறையிட்ட 37 எரிபொருள் ஊசிகளை அதில் டன்னுக்கு 112 கிகாவாட்-நாள் ஆற்றல் எடுக்கும்வரை எரித்து, கனத்த ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் தொலைக்கரங்களால் அறுத்து அளந்தார்கள்.

மூன்றாவது எஃகு நீராவிக்கானது, திருச்சி வட்டாரத்துக் கொதிகலன் ஆட்களுக்கு நன்கு பழகிய பி91. 9 சதவீதக் குரோமியம், 1 சதவீத மாலிப்டினம், கொஞ்சம் வனேடியம், நியோபியம், நைட்ரஜன். ஈனுலையின் நீராவி உற்பத்திக் கலன் எட்டு. ஒவ்வொன்றிலும் 23 மீட்டர் நீளமுள்ள 547 குழாய்கள். குழாய்க்குள் நீர், வெளியே சோடியம், நடுவே 2.3 மில்லிமீட்டர் எஃகு. ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் சோடியமும் நீரும் வினைபுரிந்து வெளிவரும் சூடான தாரை பக்கத்துக் குழாயையும் அரித்துவிடும். இரண்டு முனைகளையும் சேர்த்தால் 8,752 வெல்டுகள். ஒன்றுகூடத் தோற்கக்கூடாது.

அதனால் குழாயைத் தட்டின் துளைக்குள் செருகிப் பற்றவைக்கும் வழக்கமான முறையை விட்டார்கள். அதில் இடுக்கு இருக்கும், எக்ஸ்ரேயும் எடுக்க முடியாது. தட்டிலிருந்து சிறு கழுத்து எழும்படி கடைந்து, குழாயை அதோடு நேருக்கு நேர் வைத்து, உள்ளிருந்து டங்ஸ்டன் முனையால் பற்றவைத்தார்கள். அந்தக் குறுகிய குழாய்க்குள்ளேயே எக்ஸ்ரே பிறக்கும் கம்பி வடிவ நேர்முனையை நுழைத்து நுண்புள்ளி எக்ஸ்ரே எடுத்தார்கள். சிதைக்காமல் சோதிக்கும் இந்தத் துறையை மையத்தில் வளர்த்தவர்களில் முதன்மையானவர் பல்தேவ் ராஜ். உலோகவியல் பட்டதாரியாக நுழைந்து 2004 முதல் 2011 வரை இயக்குநராக இருந்தார். அவருக்கு முன் 1992 முதல் 2000 வரை அந்தப் பொறுப்பில் இருந்த பிளாசிட் ரோட்ரிக்ஸும் உலோகவியலாளரே. சூட்டில் இழுக்கும்போது எஃகு சீராக நீளாமல் துடித்துத் துடித்து நீளும் நிகழ்வில் ஆழ்ந்த ஆய்வு செய்தவர். ஓர் அணு உலை மையத்துக்கு உலோகவியலாளர்கள் தலைமை ஏற்றது தற்செயலாகத் தோன்றவில்லை.

பி91 வெல்டிங்கில் தவறு நடக்கும் இடங்கள் தெளிவானவை. ஹைட்ரஜன் விரிசலைத் தடுக்க 200 டிகிரிக்கு மேல் முன்வெப்பம் வேண்டும். வெல்டிங் ராடுகளை 300 முதல் 350 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுட்டு, பிறகு சூட்டுப்பெட்டியில் வைத்தே எடுக்க வேண்டும். ஐப்பசி ஈரத்தில் திறந்துவைத்த ராடு ஒரே ஷிப்டில் கெட்டுவிடும். பற்றவைத்து முடித்ததும் 100 டிகிரி அளவுக்கு ஆறவிட வேண்டும், அப்போதுதான் ஆஸ்டெனைட் முழுதும் மார்ட்டென்சைட்டாக மாறும். ஆறவிடாமல் நேரே சூடாக்கினால், மிஞ்சிய ஆஸ்டெனைட் கடைசியில் பதப்படாத கடின மார்ட்டென்சைட்டாக நின்றுவிடும். பிறகு 760 டிகிரியில் பதப்படுத்தல். நிரப்பு உலோகத்தில் நிக்கலும் மாங்கனீசும் கூடினால் மறுபடி ஆஸ்டெனைட் உருவாகும் வெப்பநிலை கீழே இறங்கிவிடும். அப்போது 760 டிகிரியே அதைத் தாண்டி, பதப்படுத்தும் வேலையே எஃகைக் கெடுத்துவிடும். கடினத்தன்மையை மட்டும் அளந்தால் இதைப் பல சமயம் நல்ல வெல்ட் என்றே நினைத்துவிடுவோம்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் நான்காம் வகை விரிசல் காத்திருக்கும். வெல்டுக்கு வெளியே, பாதி மட்டும் உருமாறிய மென்மையான மெல்லிய பட்டையில், பல ஆண்டு கழித்து வரும். மிகச் சிறிதளவு போரான் சேர்த்தால் எல்லைக் கார்பைடுகள் பருக்காமல் இருக்கும். ஆனால் நைட்ரஜன் மிகுந்தால் போரான் அதோடு சேர்ந்து வீணாகும். எனவே நைட்ரஜனைக் குறைத்த போரான் பி91 கல்பாக்கத்தில் உருவாகி வருகிறது.

அடுத்த ஈனுலைகளுக்கு 60 ஆண்டு ஆயுள் இலக்கு. 0.07, 0.11, 0.14, 0.22 சதவீத நைட்ரஜன் உள்ள நான்கு 316எல்என் உருக்குகளை ஒப்பிட்டதில், க்ரீப் வலிமை நைட்ரஜனோடு ஏறியது. திரும்பத் திரும்ப வளையும் சோர்வுச் சோதனையில் 0.14 பக்கமே நல்ல பலன். அந்தக் கலவையை இப்போது வெல்டோடு சேர்த்துச் சோதிக்கிறார்கள். கிடைத்த தரவை உலை வடிவமைப்பு விதிநூலில் ஏற்ற வழக்கமான நெறி ஒன்று உண்டு: மிக நீண்ட சோதனைக் காலத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் நீட்டக்கூடாது. 40 ஆண்டில் 75 சதவீதம் இயங்கினால் 2,62,800 மணி நேரம்; அதற்கு 10 ஆண்டுச் சோதனை வேண்டும். 60 ஆண்டில் 80 சதவீதம் என்றால் 4,20,480 மணி நேரம். 16 ஆண்டுச் சோதனை. பயிற்சிப் பள்ளியிலிருந்து 24 வயதில் வருபவர் இன்று ஏற்றும் எடை, அவருக்கு நாற்பது வயதாகும்போது அந்தக் கணக்கை முடித்துத் தரும்.